வயலில் தொடங்கும் வாராக் கடன்

1884ஆம் ஆண்டு மே மாதம் ஓரியண்டல் வங்கிக் கழகம் என்னும் பெரிய வங்கி தன் கதவுகளை மூடியது. 1842இல் பம்பாயில் தோன்றி, பின்னர் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு, இந்தியா, இலங்கை, சீனா எனக் கீழ்த்திசை நாடுகளில் கிளை பரப்பிய வங்கி அது. இலங்கையில் அவ்வங்கியின் தாள்களே பெருமளவில் பணமாகப் புழங்கின. வங்கி வீழ்ந்ததும் மக்களின் பதற்றத்தைத் தணிக்க, அத்தாள்களுக்கு இலங்கை அரசே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

அவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. வெள்ளியின் விலைச் சரிவும் மொரிஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு வழங்கிய கடன்களும் அவற்றுள் அடங்கும். எனினும் முதன்மையான காரணங்களுள் ஒன்று, இலங்கையின் காப்பித் தோட்டங்களில் முடங்கிப்போன பணம். 1869இல் அங்கே காப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடியாகத் துரு நோய் தோன்றியது. அதனை உண்டாக்கும் பூஞ்சைக்கு அறிவியலார் சூட்டிய பெயரிலேயே 'பேரழிவு செய்வது' என்னும் பொருள் பொதிந்திருக்கிறது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பிச் சாகுபடி அழிந்து, மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. தென்னிந்தியாவிலிருந்து சென்ற நம் தொழிலாளர்களின் வாழ்வும் அம்மாற்றத்தோடு பிணைந்தது.

வங்கி வீழ்ந்ததற்கு மறு ஆண்டான 1885இல், பிரான்ஸ் நாட்டில் மில்லார்டே என்னும் அறிஞர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். திராட்சைக் கொடியின் நோய்க்காகக் கண்டறியப்பட்ட அக்கலவைதான் காப்பித் துருவைத் தடுக்க இன்றளவும் நம் நாட்டில் தெளிக்கப்படுகிறது. மருந்து காலந்தாழ்ந்து வந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வங்கி வரலாற்றில் அரிது.

வணிகவியல் படித்து வங்கிப் பணிக்கு வந்தவன் நான். தாவர நோயியல் என் துறை அன்று. ஆயினும் பயிர்க் கடன் கோப்புகளைப் பல ஆண்டுகள் பார்த்துவரும் நிலையில் ஒரு கருத்தை உறுதியாகச் சொல்ல முடியும். பயிர்நோய் வயலின் வரப்போடு நின்றுவிடுவதில்லை. கொள்முதல் நிலையம், கடைத்தெரு, கூட்டுறவுச் சங்கம் வழியாக அது வங்கியின் கணக்கேட்டுக்கும் வந்து சேர்கிறது. அப்படியிருந்தும் நம் நிதி ஏற்பாடுகளில் பெரும்பாலானவை நோய் வந்து முடிந்த பிறகே விழித்தெழுகின்றன. நோய் வருமுன் செலவிடப்படும் சிறு தொகையே ஒரு பயிர்க் கடனுக்குக் கிடைக்கக்கூடிய முதற்பெரும் பிணையம் என்பது என் துணிபு.

பறிக்கும் இலையையே தாக்கும் நோய்

இதற்குத் தேயிலையே தக்க எடுத்துக்காட்டு. இந்தியத் தேயிலை என்றதும் பெருந்தோட்டங்களும் மலைமேல் மாளிகைகளும் நினைவுக்கு வரலாம். உண்மையில் நாட்டின் தேயிலை உற்பத்தியில் ஏறத்தாழ பாதி இன்று சிறு விவசாயிகளிடமிருந்து வருகிறது. 10.12 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை உள்ளவர்கள் தேயிலை வாரியத்தின் கணக்கில் சிறு விவசாயிகள் ஆவர். அவர்களுள் மிகப் பலர் ஓரிரு ஏக்கர் மட்டுமே உடையவர்கள். அசாமிலும் வட வங்கத்திலும் நீலகிரியிலும் இவர்கள் பச்சைக் கொழுந்தைப் பறித்து அன்றாடம் தொழிற்சாலைக்கு விற்கிறார்கள். மாதந்தோறும் வருமானம் தரும் பயிர் என்பதால் வங்கிக்கும் இது உகந்த பயிரே.

இப்பயிரின் பெரும்பகை கொப்புள நோய். 1868இல் அசாமில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்ட இந்நோய், 1946இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோன்றியது. முதலில் இளந்தளிரில் வெளிறிய சிறு புள்ளி தென்படும். பின்னர் இலையின் மேற்புறம் குழிந்து, அடிப்புறம் வெண்ணிறக் கொப்புளமாகப் புடைக்கும். அக்கொப்புளத்திலிருந்து எண்ணற்ற நுண்வித்துகள் காற்றில் பரவும். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ மூன்று வாரமே போதும். மூடுபனியும் விடாத சாரலும் இதற்கு உகந்த காலம். நேரடி வெயில் இதற்குப் பகை.

முற்றிய இலையை இந்நோய் தொடுவதில்லை. இளந்தளிரையும் இளந்தண்டையுமே தாக்குகிறது. நெல்லில் இலை நோயுற்றாலும் கதிரில் ஓரளவு மிஞ்சும். தேயிலையிலோ, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நாம் பறித்து விற்கும் பகுதி எதுவோ அதுவே நோயின் உணவு. அதனால் நோய்க்கும் வருமான இழப்புக்கும் இடையே காலதாமதம் என்பதே இல்லை.

விவசாயி போடும் கணக்கு

'உரிய காலத்தில் மருந்தடிக்காமல் விட்டுவிட்டு, பிறகு கடனைக் கட்ட முடியவில்லை என்கிறார்களே' என்று சிலர் சொல்வதுண்டு. இக்கூற்று எனக்கு உடன்பாடன்று. விளங்கிக்கொள்வதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம்.

ஓர் ஏக்கரில் மாதம் 400 கிலோ கொழுந்து கிடைக்கிறது. மழைக்காலம் மூன்று மாதம். நோயைக் கட்டுப்படுத்தாவிட்டால் கால் பங்கு இழப்பு எனக் கொள்வோம். மாதம் 100 கிலோ வீதம் மூன்று மாதத்தில் 300 கிலோ போய்விடும். கிலோ 20 ரூபாய் என்றால் இழப்பு 6,000 ரூபாய். மருந்து, கூலி இரண்டும் சேர்த்து ஒரு தெளிப்புக்கு 500 ரூபாய் என்றும் மாதம் மூன்று தெளிப்பு என்றும் வைத்தால் மூன்று மாதச் செலவு 4,500 ரூபாய். மிச்சம் 1,500 ரூபாய். தெளிப்பது இலாபமே.

இப்போது கொழுந்தின் விலை கிலோ 12 ரூபாயாகச் சரிகிறது என்க. அதே 300 கிலோவின் மதிப்பு 3,600 ரூபாய்தான். தெளிப்புச் செலவோ மாறாமல் 4,500 ரூபாய். மருந்தடித்தால் 900 ரூபாய் நட்டம். ஆகவே விலை சரிந்த ஆண்டில் மருந்தடிக்காமல் விடும் விவசாயி அறியாமையால் அப்படிச் செய்வதில்லை. நாம் வங்கியில் போடும் அதே வரவு செலவுக் கணக்கைத்தான் அவரும் மனத்துக்குள் போடுகிறார்.

ஆயினும் அக்கணக்கில் மூன்று பதிவுகள் விடுபட்டுப் போகின்றன. முதலாவது, தரம். கொப்புளம் கண்ட இலையில் நல்ல தூள் வராது. எஞ்சிய கொழுந்துக்கும் தொழிற்சாலை விலையைக் குறைக்கும். இரண்டாவது, செடியின் உடல்நிலை. கவாத்து செய்யப்பட்டுப் புதுத்தளிர் விடும் செடியை நோய் தாக்கினால் இளங்கிளைகளே பட்டுப்போகக்கூடும். அவ்விழப்பு ஒரு பருவத்தோடு முடியாது. பல ஆண்டு விளைச்சலைத் தரவேண்டிய மூலதனமே தேய்கிறது. மூன்றாவது, அண்டை நிலம். காற்றில் பரவும் நோய்க்குப் பட்டா எல்லை தெரியாது. ஒருவர் விட்டுவிட்டால் அவரைச் சுற்றியுள்ளவர்கள் கூடுதலாகத் தெளிக்க நேரிடும்.

கணக்கியலில் தேய்மானத்தைக் காட்டாத இலாப நட்டக் கணக்கை நாம் ஏற்பதில்லை. கவாத்துச் செடியின் தேய்மானமும் அவ்வாறே எழுதப்பட வேண்டும். அதை எழுதிக் காட்டும் கடமையில் வங்கிக்கும் பங்குண்டு.

மருந்து மட்டுமே மேலாண்மை அன்று

நோய் மேலாண்மை என்றால் மருந்தை மிகுதியாக வாங்குவது என்று பொருளாகாது. மேற்சொன்ன கணக்கில் தெளிப்புச் செலவைக் குறைக்க முடியுமானால், விலை சரிந்த ஆண்டிலும் பயிரைக் காக்க இயலும். அதற்குச் செலவு குறைந்த வழிகள் உள்ளன. மழைக்கு முன்பே நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்துவிட்டால் வெயில் உள்ளே விழும்; இலையின் ஈரம் விரைவில் உலரும். பறிப்புச் சுற்றை நீட்டாமல் வைத்தால் நோய்க்கு ஏற்ற தளிர் செடியில் தங்கும் நாள் குறையும். பறித்த உடனே தெளித்தால் மருந்து தளிரில் படும். அடுத்த பறிப்புக்குள் உரிய காத்திருப்புக் காலமும் கிடைக்கும். நாட்காட்டியைப் பார்த்துத் தெளிப்பதைவிட வானிலையைப் பார்த்துத் தெளிப்பது சிக்கனம்.

அளவுக்கு மீறித் தெளிப்பதற்கும் விலை உண்டு. தேயிலையில் எந்தெந்த மருந்துகளைப் பயன்படுத்தலாம் என்பதை வரையறுக்கும் பயிர்ப் பாதுகாப்பு விதித் தொகுப்பைத் தேயிலை வாரியம் 2014 முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. அனுமதிக்கப்பட்ட வரம்பைத் தாண்டி எச்ச நஞ்சு இருந்தால் தூள் நிராகரிக்கப்படும்; அத்தொழிற்சாலைக்குக் கொழுந்து தந்த அனைவரும் அதன் சுமையைத் தாங்க நேரிடும். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததைக் கேள்வியின்றித் தெளிப்பது பொருளாதார நோக்கிலும் ஆபத்தானது. வால்பாறையில் உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையமும் அசாமின் ஜோர்ஹாட்டில் டொக்லாய் ஆராய்ச்சி நிலையமும் அந்தந்தப் பகுதிக்குரிய பரிந்துரைகளை வகுத்துத் தருகின்றன. அவற்றைக் கேட்டறிவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

காலம் என்னும் உள்ளீடு

தேயிலையைவிட்டுக் கர்நாடகத்தின் மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களுக்குச் சென்றால், காலத்தின் அருமை இன்னும் நன்கு விளங்கும். தென்மேற்குப் பருவமழையில் பாக்குக் காய்கள் அழுகிக் கொத்துக் கொத்தாக உதிரும் நோயை அங்குள்ள மக்கள் 'கொளெ ரோகம்' என்பர். 1908இல் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்த கனடா நாட்டு அறிஞர் லெஸ்லி கோல்மன் அந்நோயை ஆராய்ந்து, போர்டோ கலவையைத் தெளிக்கும் முறையை விவசாயிகளிடையே பரப்பினார். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்னும் எளிய அளவு அது. பருவமழை தொடங்குமுன் ஒரு தெளிப்பு, 40 முதல் 45 நாள் கழித்து மறு தெளிப்பு என்பதே இன்றும் வழக்கம்.

இந்த முதல் தெளிப்புக்கான பணம் மே மாதத்தில் கையில் இருக்க வேண்டும். ஜூலையில் கடன் புதுப்பிக்கப்பட்டால் அத்தொகை மயில்துத்தத்துக்குப் போகாது. வேறு செலவுகளில் கரைந்துவிடும். கடன் தொகை சரியாக இருந்தும் கடன் வந்த நாள் தவறாக இருந்தால் பயிருக்குப் பயனில்லை. உரம், விதை, மருந்து என்று உள்ளீடுகளைப் பட்டியலிடும் நாம், காலத்தையும் அப்பட்டியலில் சேர்க்க வேண்டும்.

சில நோய்களுக்குக் காலத்தில் தெளித்தாலும் பயனில்லை. 2010களில் பீகாரின் கட்டிஹார், பூர்ணியா பகுதி வாழைத் தோட்டங்களில் வாடல் நோயின் கொடிய வகை ஒன்று கண்டறியப்பட்டது. சந்தையில் பெரிதும் விற்பனையாகும் கிராண்ட் நைன் இரகத்தையே அது தாக்குகிறது. மண்ணில் பல ஆண்டுகள் தங்கும் அப்பூஞ்சையை ஒழிக்க நம்பத்தகுந்த மருந்து கிடையாது. நோயுற்ற கன்று, மண் ஒட்டிய மண்வெட்டி, பாசன நீர் ஆகியவற்றின் வழியே அது அடுத்த தோட்டத்துக்குச் செல்கிறது. இங்கே மேலாண்மை என்பது நடவுக்கு முன்பே, கன்று வாங்கும் இடத்திலேயே முடிந்துவிடும் ஒன்று. ஒரு கன்றுக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய், நிலத்தையே அப்பயிருக்கு உதவாததாக்கிவிடும் அபாயம் இருக்கிறது. நடவுப் பொருளின் இரசீதைக் கேட்கும் வங்கி, அது எந்த நாற்றங்காலிலிருந்து வந்தது என்பதையும் கேட்டறிவது முறையாகும்.

காப்பீடு எதுவரை கைகொடுக்கும்?

'காப்பீடு இருக்கிறதே' என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. 2016ஆம் ஆண்டின் காரீஃப் பருவத்தில் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயியின் பங்கு, காரீஃப் உணவு மற்றும் எண்ணெய்வித்துப் பயிர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ரபி பருவத்துக்கு 1.5 சதவீதம், ஆண்டு வணிகப் பயிர்களுக்கும் தோட்டக்கலைப் பயிர்களுக்கும் 5 சதவீதம். எஞ்சிய கட்டணத்தை அரசுகள் ஏற்கின்றன. இது நல்ல திட்டம். தகுதியுள்ளோர் அனைவரும் சேர வேண்டும் என்பதே என் கருத்து.

ஆனால் அதன் இயல்பைப் புரிந்துகொண்டு சேர வேண்டும். விளைச்சல் இழப்பு அறிவிக்கப்பட்ட பகுதி முழுமைக்குமாக, பயிர் அறுவடைச் சோதனைகளின் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. பரவலான நோய்த் தாக்குதலால் அப்பகுதியின் சராசரி விளைச்சல் வரம்புக்குக் கீழே போனால் இழப்பீடு உண்டு. ஊரில் மற்றவர் பயிர் நன்றாயிருக்க உங்கள் வயலில் மட்டும் நோய் வந்தால், அதற்கு இத்திட்டத்தில் இடமில்லை. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற சில இடர்களுக்கே தனி வயல் அளவில் மதிப்பீடு உண்டு. அவற்றை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தடுக்கக்கூடிய காரணத்தால் நேர்ந்த இழப்பும் விலக்கப்பட்டுள்ளது. மேலும் உங்கள் பயிர் உங்கள் மாவட்டத்தில் அறிவிக்கப்பட்ட பயிரா என்பதையும் முன்கூட்டியே கிளையில் கேட்டுத் தெளிவது நன்று.

பேரிடர் நிவாரண ஏற்பாடும் இதைப் போன்றதே. பயிர் இழப்பு 33 சதவீதமோ அதற்கு மேலோ ஆனால் கடனைச் சீரமைத்து அவகாசம் தருவதற்கு வழிமுறைகள் உள்ளன. அரசு வகுத்த பேரிடர்ப் பட்டியலில் வறட்சி, வெள்ளம், புயல் ஆகியவற்றோடு பூச்சித் தாக்குதலும் பெயர் சுட்டி இடம்பெற்றுள்ளது. பூஞ்சையும் நச்சுயிரியும் விளைவிக்கும் நோய்கள் அவ்வாறு பெயர் சுட்டப்படவில்லை. வெட்டுக்கிளி தின்ற வயலும் துரு தின்ற வயலும் விவசாயிக்கு ஒன்றே. இக்குறையை நீக்குவது பற்றிக் கொள்கை வகுப்போர் சிந்திக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலில் வங்கிகள். பயிர்க் கடனின் அளவு, மாவட்டக் குழு ஏக்கருக்கு நிர்ணயிக்கும் தொகையைப் பொறுத்தது. உழவர் கடன் அட்டையின் வரம்பைக் கணக்கிடும்போது அதனோடு அறுவடைக்குப் பிந்தைய தேவைக்கும் குடும்பச் செலவுக்கும் 10 சதவீதமும் பண்ணைச் சொத்துகளின் பராமரிப்புக்கு 20 சதவீதமும் காப்பீட்டுக் கட்டணமும் சேர்க்கப்படுகின்றன. ஏக்கருக்கான தொகையை நிர்ணயிக்கும் கூட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புச் செலவு அவ்வப்போதைய விலை நிலவரப்படி மதிப்பிடப்பட வேண்டும். பருவமழை சார்ந்த நோயுள்ள பகுதிகளில் கடன் புதுப்பிப்பு மழைக்கு முன்பே முடிக்கப்பட வேண்டும். கிளை மேலாளரின் இலக்குகளில் எத்தனை கடன் என்பதோடு எப்போது கடன் என்பதும் இடம்பெறலாம்.

அடுத்து விவசாயிகளாகிய வாடிக்கையாளர்கள். தனித்தனியே தெளிப்பான் வாங்குவதைவிடச் சுயஉதவிக் குழுவாகவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ சேர்ந்து வாங்கி, ஒரே வாரத்தில் அனைவர் நிலத்திலும் தெளிப்பது செலவைக் குறைக்கும். அண்டை நிலத்திலிருந்து நோய் திரும்பி வருவதையும் தடுக்கும். எந்த நாளில் நோய் தென்பட்டது, எதைத் தெளித்தீர்கள், எவ்வளவு செலவு என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கொழுந்து விற்கும்போதும் கடன் வரம்பை உயர்த்தக் கேட்கும்போதும் அதுவே உங்கள் சார்பில் பேசும் சாட்சி. நோய் பரவிவிட்டது என்று தெரிந்தால் தவணை தவறும் நாள்வரை காத்திராமல் கிளைக்கு வாருங்கள். முன்கூட்டிச் சொல்பவருக்கு உதவ வழி தேட முடியும். கணக்கு வாராக் கடனான பின் எங்கள் கைகள் பெரிதும் கட்டப்பட்டுவிடும்.

மூன்றாவதாக அரசு. ஆக்ராவில் பணியாற்றிய அறிஞர் கே. சி. மேத்தா, கோதுமைத் துரு சமவெளியின் கோடையில் உயிர்வாழாது, மலைப்பகுதியிலிருந்தே ஆண்டுதோறும் இறங்கி வருகிறது என்பதைப் பல ஆண்டு ஆய்வால் நிறுவினார். அதனால்தான் இமயமலை அடிவார மாவட்டங்களைக் கண்காணித்து முன்னெச்சரிக்கை செய்வதும், நோய் தாங்கும் இரகங்களைப் பரப்புவதும் இன்று நடைமுறையாகியுள்ளன. கோதுமைக்குக் கிடைத்த இந்தக் கவனம் தேயிலை, பாக்கு, மிளகு, வாழை முதலிய பயிர்களின் சிறு விவசாயிகளுக்கும் கிடைக்க வேண்டும். முன்னெச்சரிக்கை தனியொருவர் விலைகொடுத்து வாங்கும் பொருளன்று. பொதுப் பணத்தில் செய்து பொதுவில் பகிர வேண்டிய பணி.

இவ்விதழைப் படிப்போரில் நிலமே இல்லாத வைப்பாளர்களும் பலர் இருப்பர். அவர்களுக்கும் இதில் பங்குண்டு. ஒரு சிறு விவசாயிக்கு நாங்கள் வழங்கும் கடன் உங்கள் சேமிப்பிலிருந்தே செல்கிறது. 1884இல் கதவு மூடப்பட்டபோது வாசலில் நின்றவர்களுள் காப்பிச் செடியைக் கண்ணால் பாராதவர்களும் இருந்திருப்பர். இன்றைய வங்கி முறை அன்றையதைவிடப் பன்மடங்கு வலிமையானது. ஒரு பூஞ்சையால் அது வீழாது. ஆனால் ஒரு குடும்பம் வீழும். ஒரு பருவத்தின் கொழுந்து போனதால் பள்ளிக் கட்டணம் தடைபடும், நகை அடகுக்குப் போகும், அடுத்த பருவத்தின் மருந்துக்கும் பணமிராது. கடன் நிலுவையாவது இவையெல்லாம் நடந்த பிறகே எங்கள் திரையில் தெரிகிறது.

இலையில் முதற்புள்ளி தோன்றுவதற்கும் எங்கள் திரையில் நிலுவை தோன்றுவதற்கும் இடையே பல மாதங்கள் உள்ளன. பயிரையும் கடனையும் காக்க வேண்டிய காலம் அதுவே. வரும் பருவமழைக்கு முன் உங்கள் கடன் வரம்பு புதுப்பிக்கப்பட்டுவிட்டதா என்பதை இந்த வாரமே கிளையில் கேளுங்கள்.